வி.ஏ. பதில் சொல்லாமல் விட்ட பாதிக் கேள்வி

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு வயது 42. மாணவர் விசாவில் அமெரிக்கா வந்தவன். 2010-இல் தமிழ் மொழித் திறனைக் காட்டி குடியுரிமை இல்லாதவர்களையும் படையில் சேர்த்த மாவ்னி திட்டத்தின்கீழ் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்தேன். 2012-இல் ஆப்கானிஸ்தானில் இருந்தேன். 2016-இல் நற்சான்றுடன் விலகினேன். 2018-இல் வி.ஏ. என்ற படைவீரர் நலத்துறையில், பிடிஎஸ்டி என்ற அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்புக்கு 50 சதவீதமும் முதுகு வலிக்கு 20 சதவீதமும் ஊன மதிப்பீடு கொடுத்தார்கள். அந்த ஆண்டு முதல் பிடிஎஸ்டி-க்காகச் செர்ட்ரலின் என்ற மனநல மருந்து சாப்பிடுகிறேன். 2019 ஆகஸ்டில் அதை 50 மில்லிகிராமிலிருந்து 100 ஆக உயர்த்தினார்கள். அந்தத் தீபாவளிக்குள்ளேயே ஆண்மைக்குறைவு வந்துவிட்டது. 2021-இல் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. ஆண்மைக்குறைவுக்கும் இழப்பீடு கேட்டு 2024 மார்ச் 14 அன்று வி.ஏ.-விடம் கோரிக்கை கொடுத்தேன். அக்டோபர் 22 தேதியிட்ட கடிதத்தில் நிராகரித்துவிட்டார்கள். வி.ஏ.-வுக்காக என்னைப் பரிசோதித்த மருத்துவப் பரிசோதகர் எழுதிய அறிக்கையை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவர் ஓர் இளம்பெண். எவ்வளவு நாளாக இந்தப் பிரச்சினை என்று அவர் கேட்டபோது கூச்சத்தில் "எப்போதாவதுதான்" என்று சொல்லிவிட்டேன். வென்றாலும் 0 சதவீதம்தான் என்கிறார்கள், ஆனால் என் பழைய படை நண்பர் ஒருவருக்கு 20 சதவீதம் கிடைத்திருக்கிறது. ஒரு நிறுவனம், கிடைக்கும் இழப்பீட்டில் ஆறு மாதத் தொகையைக் கொடுத்தால் வென்று தருவதாகச் சொல்கிறது. என் மனைவி சாட்சிக் கடிதம் எழுதத் தயாராக இருக்கிறார், எனக்குத்தான் மனம் வரவில்லை. இந்த அவமானத்துக்கு மேல்முறையீடு அவசியமா? பெயரும் ஊரும் வேண்டாம்.

பதில் (2025-இல் எழுதியது): அன்புள்ள நண்பருக்கு, வணக்கம். உங்கள் கடிதத்தையும் பரிசோதகரின் இரண்டு பக்க அறிக்கையையும் மூன்று முறை படித்தேன். மேல்முறையீடு செய்யுங்கள் என்பதே என் பதில். எப்படிச் செய்வது, எதை நம்பிச் செய்வது என்பதை விரிவாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பேருந்து நிலையச் சுவர்களிலும், லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் வைத்தியர்களின் துண்டுப் பிரசுரங்களிலும் பார்த்துப் பார்த்து "ஆண்மைக்குறைவு" என்ற சொல் நமக்குள் ஊறிப்போயிருக்கிறது. நோயைச் சொல்ல வந்த அந்தச் சொல் நோயாளியின் மீதே பழி சுமத்துகிறது. வி.ஏ.-வின் ஊன மதிப்பீட்டு அட்டவணையில் இது 7522 என்ற எண்ணுள்ள ஒரு குறைபாடு, அவ்வளவுதான். உங்கள் முதுகு வலிக்கு ஓர் எண் இருப்பதைப் போல இதற்கும் ஓர் எண் இருக்கிறது. நான் இங்கே விறைப்புக் குறைபாடு என்றே எழுதுகிறேன். மருத்துவரிடமும் மனைவியிடமும் பேசும்போது நீங்களும் அந்தச் சொல்லையே பயன்படுத்திப் பாருங்கள், பேச்சு எளிதாவதை உணர்வீர்கள்.

முதலில் 0 சதவீதம் என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். 2021 நவம்பர் 14-க்கு முன்பு 7522 என்ற விதி, உறுப்பில் உருக்குலைவும் விறைப்புத் திறன் இழப்பும் சேர்ந்திருந்தால் 20 சதவீதம் என்று சொன்னது. உங்கள் நண்பருக்குக் கிடைத்தது அந்தப் பழைய விதியின் பயனாக இருக்க வேண்டும். அந்தத் தேதியில் விதியைத் திருத்தி, உருக்குலைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விறைப்புக் குறைபாட்டுக்கு 0 சதவீதம் என்று மாற்றினார்கள். எனவே நீங்கள் வென்றாலும் உங்கள் மொத்த மதிப்பீடான 60 சதவீதம் அசையாது. ஆனால் அந்த விதியின் அடிக்குறிப்பிலேயே, இப்படிப்பட்டவருக்குச் சிறப்பு மாதாந்திர இழப்பீடு உண்டா என்று பார்க்கும்படி வி.ஏ.-வுக்குக் கட்டளை இருக்கிறது. இனப்பெருக்க உறுப்பின் பயனை இழந்தவருக்குச் சதவீதக் கணக்குக்கு வெளியே, வழக்கமான மாதத் தொகைக்கு மேல் சேர்த்துத் தரப்படும் தொகை அது. படைவீரர்கள் அதை எஸ்எம்சி-கே என்பார்கள். 2023 டிசம்பர் முதல் மாதம் 132.74 டாலர், 2024 டிசம்பர் முதல் 136.06 டாலர். இதற்கும் வருமான வரி கிடையாது. விறைப்புக் குறைபாட்டுக்குப் படைப்பணித் தொடர்பு ஏற்கப்பட்டால் வழக்கமாக இந்தத் தொகையும் கூடவே வரும். நீங்கள் தனியாகக் கேட்காவிட்டாலும் கோப்பில் ஆதாரம் இருந்தால் வி.ஏ. அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும் என்று 1991-லேயே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் படிவத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள், மறதிக்கு இடம் வைக்க வேண்டாம்.

இப்போது தேதியைப் பார்ப்போம். நிராகரிப்புக் கடிதத்தின் தேதி 2024 அக்டோபர் 22. அதிலிருந்து ஓராண்டுக்குள், அதாவது 2025 அக்டோபர் 22-க்குள் நீங்கள் அடுத்த படியை எடுத்துவிட்டால், வெற்றி எப்போது வந்தாலும் இழப்பீடு உங்கள் முதல் கோரிக்கையின் தேதியிலிருந்தே கணக்கிடப்படும். மார்ச் 14 அன்று கொடுத்த கோரிக்கைக்குப் பணம் அடுத்த மாதத்தின் முதல் தேதியிலிருந்து, அதாவது 2024 ஏப்ரல் 1 முதல் ஓடும். அந்த நவம்பர் வரை எட்டு மாதங்கள், பிறகு 2025 ஜூன் வரை ஏழு மாதங்கள் என்று கூட்டினால் 2,014 டாலர் ஏற்கெனவே நிலுவையாகச் சேர்ந்திருக்கிறது. கெடுவைத் தவறவிட்டு அதற்குப் பின் புதிய ஆதாரத்துடன் போனாலும் கோரிக்கை செத்துவிடாது, ஆனால் அந்த நிலுவை முழுவதும் போய்விடும். புதிதாகக் கொடுத்த தேதியிலிருந்துதான் கணக்கு தொடங்கும். பெரிய தொகை இல்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அது வாழ்நாள் முழுவதும் ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்ந்து வரும் மாதத் தொகை. உங்கள் உடலுக்கு நேர்ந்தது படைப்பணியின் விளைவு என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொள்வதற்கு அதைவிடப் பெரிய மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

நிராகரிப்புக் கடிதத்தை எடுத்து, "சாதகமான கண்டறிதல்கள்" என்ற பகுதியைப் பாருங்கள். பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டது என்ற சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள், அந்தப் பகுதியைப் படிக்கவே மாட்டார்கள். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் அங்கே இருக்கின்றன. உங்களுக்கு விறைப்புக் குறைபாடு என்ற நோயறிதல் உண்டு என்பது ஒன்று. படைப்பணித் தொடர்பு ஏற்கப்பட்ட பிடிஎஸ்டி உங்களுக்கு இருக்கிறது என்பது இன்னொன்று. இந்தக் கண்டறிதல்கள் அடுத்து வரும் அதிகாரிகளையும் கட்டுப்படுத்தும். தெளிவான மறுசான்று இல்லாமல் அவற்றைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே மூன்று கண்ணிகளில் இரண்டு உங்கள் கையில் இருக்கின்றன. இரண்டையும் இணைக்கும் நடுக்கண்ணி ஒன்றுதான் பாக்கி.

அந்தக் கண்ணியை அறுத்தது பரிசோதகரின் ஒரே ஒரு வாக்கியம். படைவீரரின் விறைப்புக் குறைபாட்டுக்குப் பிடிஎஸ்டி காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு குறைவு என்றும், வயதும் உடற்பருமனும் இரத்த அழுத்தமுமே காரணமாக இருக்கக்கூடும் என்றும் எழுதியிருக்கிறார். இந்த வாக்கியத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். செர்ட்ரலின் என்ற பெயரே இல்லை. ஒரு படைப்பணி நோய்க்காகக் கொடுக்கப்படும் மருந்தால் இன்னொரு கோளாறு வந்தால், அதுவும் படைப்பணித் தொடர்புடையதுதான். அமெரிக்கக் கூட்டாட்சி விதித்தொகுப்பின் 38-ஆம் தலைப்பிலுள்ள 3.310 என்ற விதி இதற்கு இடம் தருகிறது. இரண்டாவதாக, "காரணம்" என்ற கேள்விக்கு மட்டுமே அவர் பதில் சொல்லியிருக்கிறார். அதே விதியில் இரண்டாவது வழி ஒன்றும் இருக்கிறது. வேறொன்றால் வந்த நோயாகவே இருந்தாலும், படைப்பணி நோயோ அதற்கான மருந்தோ அதை அதன் இயல்பான போக்கைவிட மோசமாக்கியிருந்தால், அந்த அளவுக்குத் தொடர்பு உண்டு. 1995 முதல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நிலை இது. காரணமில்லை என்று மட்டும் சொல்லும் மருத்துவக் கருத்து மோசமாக்கியதா என்ற கேள்விக்குப் பதிலாகாது என்று 2013-இல் எல்-அமீன் வழக்கில் படைவீரர் கோரிக்கை மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது. பாதிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிய ஓர் அறிக்கையை வைத்து உங்கள் முழுக் கோரிக்கையையும் மூடிவிட்டார்கள். என் பார்வையில் உங்கள் மேல்முறையீடு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

சொன்ன பாதியும் தேதிகளின் முன்னால் நிற்கவில்லை. உங்களுக்கு இரத்த அழுத்தம் கண்டறியப்பட்டது 2021-இல். விறைப்புக் குறைபாடு தொடங்கியதோ 2019 அக்டோபரில். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பதிவான நோய் முன்னதற்குக் காரணமாயிற்று என்றால், அழுத்தம் அதற்கு முன்பே மறைந்திருந்தது என்று காட்ட வேண்டும். பரிசோதகர் அப்படி எதையும் காட்டவில்லை. 2019-இல் உங்கள் வயது 36 என்பதையும் அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மாறாக, மருந்தின் அளவு இரட்டிப்பானதற்கும் பிரச்சினை தொடங்கியதற்கும் இடையில் இரண்டு மாதங்கள்தான். செர்ட்ரலினின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். பாலுறவு சார்ந்த பக்கவிளைவுகளின் வரிசையில் விறைப்புக் குறைபாடு அச்சிடப்பட்டிருக்கிறது. மருந்து தயாரிப்பவரே ஒப்புக்கொண்ட விளைவு அது.

ஆனால் இவற்றையெல்லாம் நீங்களோ நானோ எழுதினால் போதாது, ஒரு மருத்துவர் எழுத வேண்டும். நெக்ஸஸ் லெட்டர் என்று படைவீரர்கள் சொல்வது இதைத்தான். எந்த மருத்துவர் எழுதினாலும் அந்தக் கடிதத்தின் எடை அவர் பட்டத்தில் இல்லை, அவர் சொல்லும் காரணத்தில்தான் இருக்கிறது என்று 2008-லேயே நீதிமன்றம் வகுத்துவிட்டது. உங்களுக்குச் செர்ட்ரலின் எழுதித்தரும் மனநல மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். அவர் தயங்கினால் சிறுநீரகவியல் மருத்துவரிடமோ, பல ஆண்டுகளாக உங்களைப் பார்க்கும் குடும்ப மருத்துவரிடமோ கேட்கலாம். கேட்கும்போது வெறுங்கையுடன் போகாதீர்கள். நிராகரிப்புக் கடிதம், பரிசோதகரின் அறிக்கை, மருந்தகப் பதிவு, 2019 முதலான மருத்துவக் குறிப்புகள் ஆகிய அனைத்தையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். அவற்றைப் படித்தேன் என்று கடிதத்தின் முதல் வரியிலேயே அவர் எழுத வேண்டும்.

அந்தக் கடிதத்தில் ஒரு சொல்லால் வழக்கு வெல்லவும் தோற்கவும் கூடும். நல்லெண்ணமுள்ள மருத்துவர்கள் பலர் "மருந்து காரணமாக இருக்கலாம்" என்று எழுதித் தருகிறார்கள். "இருக்கலாம்" என்பதை வி.ஏ. ஊகம் என்று சொல்லி ஒதுக்கிவிடும். சட்டம் கேட்பது உறுதியையும் அல்ல, ஊகத்தையும் அல்ல. ஆம் என்பதற்கான வாய்ப்பு இல்லை என்பதற்கான வாய்ப்புக்குக் குறையாமல் இருந்தால் போதும், அதாவது பாதிக்குப் பாதி. இரண்டு பக்கச் சான்றுகளும் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே என்று சட்டம் சொல்கிறது. எனவே மருத்துவர் அந்தச் சொற்களிலேயே எழுதட்டும்: படைவீரரின் விறைப்புக் குறைபாடு, படைப்பணித் தொடர்புள்ள பிடிஎஸ்டி-க்காகத் தரப்படும் செர்ட்ரலினால் ஏற்பட்டிருப்பதற்கான வாய்ப்பு, அவ்வாறு ஏற்படாமல் இருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்ததல்ல. அதை அடுத்து ஏன் என்பது வர வேண்டும். 2019 ஆகஸ்டில் அளவு உயர்ந்ததும் அக்டோபரில் பிரச்சினை தொடங்கியதும், இந்த வகை மருந்துகளுக்கு இந்த விளைவு அறியப்பட்டதே என்பதும், இரத்த அழுத்தம் பின்னால்தான் வந்தது என்பதும், பரிசோதகர் மருந்தைக் கவனிக்கவே இல்லை என்பதும் அதில் இருக்க வேண்டும். கடைசியாக ஒரு பத்தியில், வேறு காரணமும் பங்களித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் மருந்து அதை இயல்பைவிட மோசமாக்கியது என்றும், மோசமாவதற்கு முன் நிலை எப்படி இருந்தது என்றும் குறிப்பிடட்டும். மோசமாக்கல் என்ற வழியில் போனால் முந்தைய நிலை என்ன என்பதை வி.ஏ. மருத்துவச் சான்றிலிருந்து நிறுவ வேண்டியிருப்பதால், அந்த வரி இல்லாத கடிதம் பாதி வழியில் நின்றுவிடும். காரணம் என்ற வாதம் முதலில் நிற்கட்டும், மோசமாக்கல் அதற்குத் துணையாக வரட்டும்.

உடற்பருமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதுகு வலியால் நடக்க முடியாமல் எடை கூடியது என்று உங்கள் மருத்துவக் குறிப்புகள் எங்காவது சொன்னால், பரிசோதகர் காட்டிய காரணமே உங்கள் பக்கம் சாய்ந்துவிடும். படைப்பணிக் காயத்தால் வந்த உடற்பருமன் அடுத்த நோய்க்கு ஓர் இடைப்படியாகலாம் என்று 2017-இல் வி.ஏ.-வின் தலைமைச் சட்ட அலுவலகமே கருத்துரைத்திருக்கிறது. ஆனால் இதை முதல் வாதமாக வைக்க வேண்டாம். மருந்தும் தேதியும் தெளிவாக இருக்கும்போது வாதங்களைக் குவித்தால், படிப்பவர் வலுவான ஒன்றை விட்டுவிட்டு வலுவற்ற ஒன்றைப் பிடித்துக்கொள்வார்.

அடுத்து, நீங்கள் சொன்ன அந்த "எப்போதாவதுதான்". அறிக்கையில் அந்தச் சொல் அப்படியே ஏறியிருக்கிறது. வேறு எதைவிடவும் அதுதான் உங்களை உறுத்துகிறது என்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இதில் உங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் ஊரில் வளர்ந்த ஓர் ஆண், முன்பின் அறியாத இளம்பெண்ணிடம் பதினைந்து நிமிடச் சந்திப்பில் இதைத் திறந்து சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அதை அப்படியே எழுதுங்கள். 21-10210 என்ற எண்ணுள்ள படிவம் இப்படிப்பட்ட வாக்குமூலத்துக்கானது. பரிசோதனையன்று கூச்சத்தால் குறைத்துச் சொன்னேன், உண்மையில் 2019 அக்டோபர் முதல் நிலைமை இப்படி இருந்தது, விறைப்புக்கு மருந்து உட்கொண்டிருந்தால் அதனால் இவ்வளவுதான் பயன் இருந்தது என்று உள்ளதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்லுங்கள். தன் உடலில் தான் உணர்ந்ததைச் சொல்லப் படைவீரருக்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. அந்தக் காலத்து மருத்துவக் குறிப்பில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவர் சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது. வி.ஏ. மறுபடி பரிசோதனைக்கு அழைத்தால், நேரம் ஒதுக்கத் தொலைபேசியில் பேசும்போதே ஆண் பரிசோதகர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடலைப் பரிசோதிக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் அதைக் குறிக்கும் இடமும் அந்தப் பரிசோதனைப் படிவத்திலேயே இருக்கிறது. பரிசோதனைக்கு அழைத்தால் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மனைவி எழுத முன்வந்திருப்பதை உங்கள் நல்வாய்ப்பாகக் கருதுகிறேன். அவர் கடிதத்தில் படுக்கையறை விவரம் எதுவும் தேவையில்லை. வேண்டியது காலவரிசை. மருந்தின் அளவை உயர்த்தியதற்கு முன் எங்கள் தாம்பத்தியத்தில் இந்தப் பிரச்சினை இருந்ததில்லை, அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முன்பே தொடங்கிவிட்டது, அதன் பிறகு இன்று வரை தொடர்கிறது என்று மூன்று நான்கு வாக்கியங்கள் போதும். தேதி நினைவில்லாவிட்டாலும் பண்டிகையும் பிள்ளையின் பிறந்தநாளும் நினைவில் இருக்கும். அப்படி நினைவில் நிற்பவற்றை ஆங்கில மாதமும் ஆண்டும் சேர்த்து எழுதினால், மருந்தகப் பதிவின் தேதியோடு அது தானாகவே பொருந்தி நிற்கும். தமிழில் எழுதினால்தான் மனம் வரும் என்றால் தமிழிலேயே எழுதட்டும். ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் வைத்து அனுப்புங்கள். நீங்கள் வெட்கப்படும் இடத்தில் உங்களுக்காகப் பேச அவர் தயாராக இருக்கிறார். அவரைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து, எந்த வழியில் மேல்முறையீடு செய்வது என்று பார்ப்போம். 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்த மேல்முறையீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தின்படி உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. உயர்நிலை மறுஆய்வு என்பது 20-0996 படிவம். மூத்த அதிகாரி ஒருவர் பழைய கோப்பை மட்டும் மறுபடி படிப்பார். புதிய சான்று எதையும் சேர்க்க முடியாது. பரிசோதகர் பாதிக் கேள்வியை விட்டுவிட்டார் என்று தொலைபேசியில் அவரிடம் வாதிட்டால் அவர் ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் ஒப்புக்கொண்டால் நடக்கப்போவது இன்னொரு பரிசோதனைக்கு உத்தரவிடுவதுதான், அங்கேயும் "எப்போதாவதுதான்" என்ற சொல்தான் கோப்பில் முன்னால் நிற்கும். மூன்றாவது வழி, 10182 படிவத்தில் வாஷிங்டனிலுள்ள படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தின் நீதிபதியிடம் செல்வது. அங்கே காத்திருப்பு நீளும். உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 20-0995 படிவத்தில் கொடுக்கும் துணைக் கோரிக்கை. புதியதும் பொருத்தமானதுமான சான்று ஒன்றாவது இருக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. மருத்துவர் கடிதமும், உங்கள் வாக்குமூலமும், மனைவியின் கடிதமும் அந்த நிபந்தனையைத் தாராளமாக நிறைவேற்றும். சராசரியாக 125 நாட்களில் முடிவு சொல்வதை வி.ஏ. இலக்காக வைத்திருக்கிறது. இதிலும் நிராகரித்தால் அந்தக் கடிதத்திலிருந்து மறுபடி ஓராண்டு கிடைக்கும். அப்போது உயர்நிலை மறுஆய்வுக்கோ வாரியத்துக்கோ போகலாம், புதிய சான்று கிடைத்தால் மீண்டும் துணைக் கோரிக்கையே கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் ஓராண்டுக்குள் அடுத்த படியில் கால் வைத்துவிட்டால் 2024 மார்ச் 14 என்ற தேதி உங்களுடனேயே வரும். வாரியமும் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக 120 நாட்கள்தான் என்பதை மட்டும் இப்போதே மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். படைவீரர் கோரிக்கையைத் தயாரிக்கவும் வாதிடவும் வி.ஏ.-வின் அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் பெறாதவர் அதற்குக் கட்டணம் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. என்னைப் போன்ற அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞர்கள்கூட முதல் முடிவு வந்த பிறகே கட்டணம் கேட்க முடியும். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயமானது என்று விதி கருதுகிறது. உங்கள் நிலுவையில் அது சுமார் 403 டாலர். அந்த நிறுவனம் கேட்பது 816 டாலருக்கும் மேல். உள்ளபடி சொன்னால், இந்த அளவுத் தொகைக்கு வழக்கறிஞரே தேவையில்லை. டி.ஏ.வி., அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதையே இலவசமாகச் செய்து தருவார்கள். உங்கள் பகுதி அலுவலகத்தில் தெரிந்த முகம் இருக்கிறது என்று தயங்கினால் வேறொரு அமைப்பையோ அடுத்த மாவட்ட அலுவலகத்தையோ நாடுங்கள். நீங்கள் கையெழுத்திட்டு அதிகாரம் அளிக்கும் பிரதிநிதிக்குத்தான் உங்கள் கோப்பு திறக்கும். வாரியத்தின் தீர்ப்புகள் இணையத்தில் வெளியானாலும் படைவீரரின் பெயரை நீக்கிவிட்டே வெளியிடுகிறார்கள். நீதிமன்றம் வரை போனால் மட்டுமே வழக்கு உங்கள் பெயரில் பொதுப் பதிவாகும். அந்த நிலை வந்தால் அன்று யோசித்துக்கொள்ளலாம்.

வழக்குக்கு வெளியே ஒன்று, ஆனால் இதை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. கோரிக்கைக்காகவோ கோபத்திலோ செர்ட்ரலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாறுவதா என்பதை மனநல மருத்துவர் முடிவு செய்யட்டும். இந்தப் பக்கவிளைவைப் பற்றி அவரிடம் இதுவரை நீங்கள் வாய் திறந்ததில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன். அவர் எழுதும் அன்றைய குறிப்பே உங்கள் கோப்பில் ஒரு புதிய சான்றாகும். விறைப்புக் குறைபாடு சிலருக்கு இதய நோயின் முன்னறிகுறியாகவும் இருப்பதால் சர்க்கரை, கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் அளவுகளைப் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஊரிலிருந்து யாராவது அனுப்பும் பொடியையும் லேகியத்தையும், இணையத்தில் விற்கும் "இயற்கை" மாத்திரைகளையும் தொடாதீர்கள். அப்படி விற்கப்பட்ட பலவற்றில், வயாக்ராவில் உள்ள சில்டெனாஃபில் போன்ற மருந்துகள் பெயர் சொல்லாமல் கலக்கப்பட்டிருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவருக்கு அந்தக் கலப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றுதான். வி.ஏ.-வின் இணையக் கணக்கில் நுழைந்து உங்கள் மருந்தகப் பதிவை 2018 முதல் இறக்கி அச்செடுங்கள். 100 மில்லிகிராம் மாத்திரை முதன்முதலாக வழங்கப்பட்ட தேதி எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியின் கீழே பேனாவால் கோடிடுங்கள். மருத்துவர் கடிதத்துக்கும் மனைவியின் கடிதத்துக்கும் உங்கள் வாக்குமூலத்துக்கும் அந்தத் தேதிதான் நங்கூரம். மருத்துவர்கள் கடிதம் எழுத இரண்டு மூன்று மாதம் எடுத்துக்கொள்வது வழக்கம், எனவே ஜூலை முடிவதற்குள் அவரிடம் கேட்டுவிடுங்கள். அக்டோபர் தொடங்கியும் கடிதம் வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். உங்கள் இருவரின் வாக்குமூலங்களை மட்டும் இணைத்து 20-0995 படிவத்தை இணையத்திலேயே சமர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான உறுதிப்பக்கத்தைச் சேமித்து வையுங்கள். மருத்துவர் கடிதம் விரைவில் வரும் என்று படிவத்துடன் ஒரு குறிப்பும் எழுதிவிட்டு, கையில் கிடைத்த அன்றே அதைப் பின்னால் சேர்த்துவிடலாம்.